பானுவேலின் மகள் அன்னா: தொல்கிறித்தவத்தில் ஓர் இறைவாக்குப் பெண்ணின் வணக்க வரலாறு

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு நாள்காட்டியில் பிப்ரவரி 2ஆம் நாள், குழந்தை இயேசு எருசலேம் கோவிலில் காணிக்கையாக அளிக்கப்பெற்ற நிகழ்ச்சியை நினைவுகூரும் திருநாளாகும். மெழுகுதிரிகளை மந்திரித்து, அவற்றை ஏந்தியவாறு மக்கள் பவனியாகக் கோவிலுக்குள் நுழைவது அந்நாளின் சிறப்புச் சடங்கு. அன்று வாசிக்கப்பெறும் நற்செய்திப் பகுதிக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. நீண்ட வடிவம் லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தின் 22 முதல் 40 வரையிலான வசனங்களைக் கொண்டது. குறுகிய வடிவம் 32ஆம் வசனத்தில் நின்றுவிடும். முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திப் பாடும் பாடலோடு அது முடிகின்றது. அதற்குப்பின் 36 முதல் 38 வரையுள்ள மூன்று வசனங்களில் வரும் அன்னா என்னும் முதிய பெண்மணி அவ்வடிவத்தில் இடம்பெறுவதில்லை. இவ்விரண்டில் எதனை வாசிப்பது என்பது வழிபாட்டை நடத்தும் குருவின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது.

இவ்விருப்பத்தைப் பின்னாளில் ஆளவிருப்போர் பலர் பயிலும் இடங்களுள் ஒன்று பெங்களூரு மல்லேஸ்வரத்தின் மேற்குப் பகுதியிலுள்ள தூய பேதுரு குருமடம். காடு மல்லேசுவரர் கோவிலால் பெயர்பெற்ற இப்பகுதிக்கு இக்குருமடம் 1934இல் வந்து சேர்ந்தது. அதன் தொடக்கமோ புதுச்சேரியில். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், பாரிசு அயல்மறைப்பணிக் குருக்கள் 1776இல் கருநாடக மறைப்பணித் தளத்தின் பொறுப்பை ஏற்றனர். அவர்கள் 1778இல் நிறுவிய குருமடமே பிற்காலத்தில் மல்லேஸ்வரத்திற்கு இடம்பெயர்ந்தது. தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிப் பகுதிகளின் பங்குகளுக்கும் குருக்களை உருவாக்கித் தந்த நிறுவனம் இது. ஆகவே மூன்று வசனங்களைச் சேர்ப்பதா விடுப்பதா என்பது சிறிய செய்தியாகத் தோன்றினும், அம்முடிவு பல நூறு ஊர்களில் பல்லாயிரவர் செவியில் ஒரு பெண்ணின் பெயர் விழுவதையும் விழாமற்போவதையும் அறுதியிடுவதாகும்.

அன்னா இவ்வாறு விளிம்பிற்குச் சென்றது அண்மைக்கால நிகழ்ச்சியன்று. தொல்கிறித்தவம் அவரைத் தூயவராகப் போற்றியது. அப்போற்றுதலின் போக்கிலேயே அவரது இறைவாக்குப் பணி மெல்ல மங்கியது. இவ்வரலாற்றைக் காண முதலில் மூலத்தை நோக்குதல் வேண்டும்.

லூக்கா தரும் செய்தி

லூக்கா சிமியோனை அறிமுகப்படுத்தும்போது அவர்தம் தந்தை பெயரையோ குலத்தையோ கூறவில்லை. நேர்மையாளர், இறைப்பற்றுள்ளவர் என்னும் அளவில் நிறுத்திக்கொள்கின்றார். அன்னாவுக்கு மட்டும் தந்தை பெயர் பானுவேல் என்றும், குலம் ஆசேர் என்றும் குறிப்பிடுகின்றார். ஆசேர் குலம் வடநாட்டு இசுரயேல் குலங்களுள் ஒன்று. கி.மு. 722 அளவில் அசீரியர் வடநாட்டை வென்று மக்களை நாடு கடத்தியபின் அக்குலத்தைப் பற்றிய பேச்சு அருகிவிட்டது. சிதறிய குலத்தைச் சேர்ந்த ஒருத்தி எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்தவர்களிடம் பேசினாள் என்பதில் ஆசிரியரின் குறிப்பு உள்ளது எனலாம்.

அன்னா மணமாகி ஏழாண்டுகள் கணவனோடு வாழ்ந்தவர். பின் கைம்மை எய்தியவர். எண்பத்து நான்கு என்னும் எண் அவரது வயதைக் குறிக்கின்றதா, கைம்மை ஆண்டுகளைக் குறிக்கின்றதா என்பது கிரேக்க மூலத்தில் ஐயத்திற்கு இடமானது. தமிழ் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் வயது என்றே கொண்டுள்ளன. கைம்மை ஆண்டுகள் என்று கொண்டால் வேறொரு கணக்கு கிடைக்கின்றது. பதினான்கு வயதில் மணம், ஏழாண்டு இல்லறம், எண்பத்து நான்கு ஆண்டு கைம்மை எனக் கூட்டினால் நூற்றைந்து வரும். யூதித்து நூலின் தலைவியும் கைம்பெண்ணே; அவள் வாழ்ந்ததும் நூற்றைந்து ஆண்டுகளே. ஆசேரின் மகளை யூதித்துக்கு இணையாக லூக்கா நிறுத்துகின்றார் என்று கருதும் அறிஞர் உளர். பதினான்கு என்பது மூலத்தில் இல்லாத எண் ஆதலின், இக்கருத்தை ஒரு வாய்ப்பாகக் கொள்வதே தகும்.

லூக்கா அவரை ‘இறைவாக்குரைக்கும் பெண்’ என்னும் பொருளுடைய கிரேக்கப் பெண்பாற் சொல்லால் சுட்டுகின்றார். புதிய ஏற்பாட்டில் இச்சொல் இரண்டே இடங்களில் வருகின்றது. மற்றோரிடம் திருவெளிப்பாட்டு நூலில் தன்னைத்தானே அவ்வாறு அழைத்துக்கொண்டவள் என்று கண்டிக்கப்பெறும் ஈசபேல் பற்றியது. எனவே பெயர் சுட்டி, ஏற்போடு, இப்பட்டம் வழங்கப்பெற்ற ஒரே பெண் அன்னாவே. யூத மரபு ஏழு பெண்களை இறைவாக்கினராக எண்ணியது: சாரா, மிரியாம், தெபோரா, சாமுவேலின் தாய் அன்னா, அபிகாயில், குல்தா, எஸ்தர். தல்மூதின் மெகில்லா பகுதியில் காணப்பெறும் இப்பட்டியலை ஒட்டி, பானுவேலின் மகளை எட்டாமவர் என்று கிறித்தவர் எண்ணிக்கொள்ள இடமுண்டு.

இத்துணைச் சிறப்புடன் அறிமுகப்படுத்திய லூக்கா, அவர் என்ன பேசினார் என்பதை மட்டும் எழுதவில்லை. கடவுளைப் புகழ்ந்தார், குழந்தையைப் பற்றிப் பேசினார் என்பதோடு அமைகின்றார். சிமியோனின் பாடலோ சொல்லுக்குச் சொல் நிலைத்து, உரோமைத் திருச்சபையில் இரவு வேண்டலிலும் ஆங்கிலிக்கன் மரபில் மாலை வேண்டலிலும் நாள்தோறும் ஒலிக்கின்றது. வாக்கினால் பெயர்பெற்றவரின் வாக்கு மட்டும் எஞ்சவில்லை.

கைம்பெண் நிரையும் அன்னாவும்

முதல் மூன்று நூற்றாண்டுகளில் அன்னா போற்றப்பட்டது பெரிதும் கைம்பெண்களை ஒட்டியே. தொடக்கக் கிறித்தவ சபைகளில் கைம்பெண்கள் ஒரு தனி நிரையாகப் பதிவு செய்யப்பட்டனர். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் அறுபது வயது நிரம்பியவரும் ஒருவனை மட்டும் மணந்தவருமே அந்நிரையில் சேரத் தக்கவர் என வரையறுக்கின்றது. உண்மையான கைம்பெண் இரவும் பகலும் மன்றாடுபவள் என்று அம்மடல் கூறுவது லூக்காவின் அன்னாவை நினைவூட்டுவது. இவர்களின் தொகை சிறிதன்று. உரோமை ஆயர் கொர்னேலியு 251ஆம் ஆண்டளவில் எழுதிய மடலொன்று, உரோமைத் திருச்சபை 1500க்கு மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் பேணிவந்ததைத் தெரிவிக்கின்றது.

இத்தொகைக்கு ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது. அன்னா அதற்கு முற்றும் பொருந்தினார்: ஒரு மணம், நெடுங்கைம்மை, நோன்பு, கோவிலை விட்டு நீங்காமை. வட ஆப்பிரிக்கரான தெர்த்தூலியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருமணம் பற்றியும் நோன்பு பற்றியும் எழுதிய நூல்களில் அன்னாவைச் சான்றாகக் காட்டுகின்றார். குழந்தையை மீட்பராக அறியும் பேறு அவருக்கு வாய்த்தது அவர்தம் நோன்பினாலும் ஒருமணத்தினாலுமே என்பது அவர் கருத்து. ஈண்டு ஒரு முரண் நோக்கற்பாலது. இந்நூல்களை எழுதிய காலத்தில் தெர்த்தூலியன், பெண்கள் இறைவாக்குரைப்பதை ஏற்ற மொந்தானுசின் இயக்கத்தைச் சார்ந்திருந்தார். அவர்கூட அன்னாவின் வாக்கைவிட அவர் மறுமணம் செய்யாமையையே பெரிதாக எடுத்துப் பேசுகின்றார்.

சிரியாவில் மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த திருத்தூதர் போதனை என்னும் ஒழுங்குநூல் கைம்பெண்ணைக் கடவுளின் பலிபீடம் என்று போற்றுகின்றது. பலிபீடம் ஓரிடத்தில் நிலைபெற்றிருப்பது போல அவள் வீட்டில் அமர்ந்திருத்தல் வேண்டும், வீடுவீடாகச் செல்லுதலும் மறைபற்றிக் கற்பித்தலும் கூடாது என்று உடனே கட்டளையும் இடுகின்றது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இதனை விரித்தெழுதிய திருத்தூதர் கட்டளைத் தொகுதி, உண்மைக் கைம்பெண்ணுக்கு உவமையாகப் பானுவேலின் மகளைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. புகழும் கட்டுப்பாடும் ஒரே மூச்சில் வருவதைக் காணலாம். லூக்காவில் அன்னா கோவிலை விட்டு நீங்காதவர். ஆயினும் காத்திருந்த அனைவரிடமும் பேசியவர். ஒழுங்குநூல்கள் முற்பாதியை ஏற்றுப் பிற்பாதியை நெகிழ்த்தன.

மேலைத் திருச்சபையில் அம்புரோசு 377 அளவில் கைம்பெண்கள் பற்றி எழுதிய நூலும், அகுஸ்தீன் 414இல் கைம்மையின் நன்மை பற்றி எழுதிய நூலும் இதே வழியில் செல்கின்றன. அகுஸ்தீன் மறுமணம் செய்த ரூத்தையும் செய்யாத அன்னாவையும் ஒப்பிட்டு, இருவரும் தூயோரே, ஆயினும் அன்னாவின் நிலை உயர்ந்தது என முடிவு கட்டுகின்றார்.

தமிழ் மரபை அறிந்தார்க்கு இவ்விடத்தில் கைம்மை நோன்பு நினைவிற்கு வரும். தொல்காப்பியம் கணவனை இழந்தாளின் தவநிலையைத் தாபத நிலை என்று துறையாக வகுத்தது. புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு அந்நோன்பின் உணவையும் படுக்கையையும் இகழ்ந்து, ஈமத்தீயே தனக்கு இனிது என்கின்றாள். அங்கே நோன்பு, தீக்கு மாற்றாகச் சமுதாயம் விதித்த வாழ்வு. அன்னாவின் நோன்பு அவ்வாறு விதிக்கப்பட்டதன்று. யூதச் சட்டம் கைம்பெண்ணின் மறுமணத்தைத் தடுக்கவில்லை. இவ்வேறுபாட்டை நோக்காது இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கம் பொருந்தாது.

இறைவாக்கு பற்றிய பூசல்

அன்னாவின் பிற்பாதி ஏன் நெகிழ்ந்தது என்பதற்கு இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியாவில் எழுந்த பூசலே தலையாய காரணம் எனத் தோன்றுகின்றது. மொந்தானுசு என்பாரும் பிரிசில்லா, மாக்சிமில்லா என்னும் இரு பெண்களும் தூய ஆவியின் ஏவுதலால் புதிய இறைவாக்கு உரைப்பதாகக் கூறினர். அவ்வியக்கம் சிற்றாசியாவிலிருந்து வட ஆப்பிரிக்கா வரை பரவியது. பேராயர்கள் அதனை மறுத்தபோது, இயக்கத்தார் விவிலியத்துப் பெண்களைச் சான்றாகக் கொண்டுவந்தனர். மோசேயின் தமக்கை மிரியாம் இறைவாக்கினள் என்பதைக் காட்டி அவர்களுள் ஒரு பிரிவினர் பெண்களைத் திருப்பணிக்கு நியமித்தனர் என்று நான்காம் நூற்றாண்டில் எபிபானியு எழுதுகின்றார்.

இதற்கு விடையிறுக்கும் பொறுப்பு அலெக்சாந்திரிய அறிஞர் ஒரிகேனுக்கு வாய்த்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்திற்கு அவர் வரைந்த உரையின் எஞ்சிய பகுதியில் பெண் இறைவாக்கினர் ஒவ்வொருவரையும் எடுத்து ஆராய்கின்றார். பிலிப்பின் புதல்வியர் நால்வர் இறைவாக்குரைத்தனர், ஆயின் சபையில் பேசவில்லை. தெபோரா எசாயாவையும் எரேமியாவையும் போல மக்கள் முன் உரை நிகழ்த்தவில்லை. குல்தாவிடம் மற்றவர் சென்று கேட்டனர். அவர் மக்களிடம் செல்லவில்லை. மிரியாம் பெண்களுக்கு மட்டும் தலைமை தாங்கினார். அன்னாவும் சபையில் பேசியவரல்லர். இவ்வாறு பட்டத்தை மறுக்காமலே அதன் பொதுப்பயனை ஒரிகேன் மறுத்துவிடுகின்றார். அவரது வாதம் அன்னாவின் திறத்தில் வலுவிழந்து நிற்பது வெளிப்படை. எருசலேம் கோவிலைவிடப் பொதுவான இடம் யூதர்க்கு வேறில்லை. அங்கே அனைவரிடமும் பேசியவரைச் சபையில் பேசாதவர் என்பது சொல்லின் பொருளைச் சுருக்குவதாகும்.

அதே ஒரிகேன் லூக்கா நற்செய்தி பற்றி நிகழ்த்திய பதினேழாம் மறையுரையில் அன்னாவை உளமாரப் புகழ்ந்து, பெண்கள் அவரைப் பின்பற்றுமாறு அறிவுறுத்துகின்றார். கிரேக்கத்தில் நிகழ்ந்த அவ்வுரை எரோணிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் மேலை நாடுகளெங்கும் பரவியது. கொரிந்தியர் உரையோ சிதறிய பகுதிகளாகவே நின்றது. எனவே மேலைநாட்டார் ஒரிகேனிடம் கற்ற அன்னா, பின்பற்றத்தக்க கைம்பெண்ணே.

முற்றிலும் ஒருமுகமாக வரலாறு சென்றதெனவும் கூறவியலாது. மேற்குறித்த திருத்தூதர் கட்டளைத் தொகுதியின் எட்டாம் நூலில், பெண் திருத்தொண்டரை நியமிக்கும்போது ஆயர் சொல்ல வேண்டிய மன்றாட்டு ஒன்றுள்ளது. மிரியாம், தெபோரா, அன்னா, குல்தா ஆகியோரைத் தூய ஆவியால் நிரப்பிய இறைவனை விளித்து, இப்பெண்ணுக்கும் அவ்வாவியைத் தருமாறு அது வேண்டுகின்றது. மூன்றாம் நூலில் அமர்ந்திருக்கும் கைம்பெண்ணுக்கு உவமையான அன்னா, எட்டாம் நூலில் ஆவி பெற்ற பணிப்பெண்ணுக்கு முன்னோடியாகின்றார். ஒரே தொகுதியில் இரண்டு அன்னாக்கள்.

திருநாள்

தொல்கிறித்தவத்தில் ஒருவரைத் தூயவர் என அறிவிக்கத் தனி விசாரணைமுறை இல்லை. திருத்தந்தை ஒருவர் முறைப்படி அறிவித்ததாக அறியப்படும் முதல் நிகழ்ச்சி 993இல் ஆக்சுபர்க் ஆயர் உல்ரிக்குக்காக நடந்தது. அதற்கு முன்னர் வழிபாட்டில் பெயர் நினைவுகூரப்படுவதும், ஒரு நாள் ஒதுக்கப்படுவதும், உருவம் தீட்டப்படுவதுமே தூயவர் என்பதன் அடையாளங்கள்.

எகேரியா என்னும் மேலைநாட்டுப் பெண் 381க்கும் 384க்கும் இடையில் எருசலேமுக்குப் பயணம் செய்து, தம் சகோதரியர்க்கு எழுதிய குறிப்புகள் ஈண்டுப் பெரிதும் பயன்படுகின்றன. திருக்காட்சி விழாவுக்குப் பின் நாற்பதாம் நாள் எருசலேமில் மிகச் சிறப்பாகக் கொண்டாடப்படுகின்றது என்றும், அன்று குருக்களும் ஆயரும் சிமியோனும் அன்னாவும் ஆண்டவரைக் கண்ட பகுதியைப் பற்றி மறையுரை ஆற்றுவர் என்றும் அவர் எழுதுகின்றார். இத்திருநாளைப் பற்றிக் கிடைக்கும் முதற்சான்று ஒரு பெண் எழுதியது. அதில் அன்னா சிமியோனுக்கு இணையாக நிற்கின்றார். சனவரி 6இலிருந்து எண்ணியதால் விழா பிப்ரவரி 14இல் வந்தது. ஆர்மேனியத் திருச்சபை அந்நாளையே இன்றும் கொண்டுள்ளது. சென்னை ஆர்மேனியன் தெருவில் 1772இல் எழுந்த தேவாலயத்தைக் கட்டிய வணிகர் கொண்டாடியதும் இந்த மரபையே.

விழாவில் மெழுகுதிரி ஏந்தும் வழக்கத்தை ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் எருசலேமில் புகுத்தியவர் இக்கேலியா என்னும் செல்வப் பெண்மணி என்பது மரபு. 542இல் பேரரசர் யுஸ்தீனியன் விழாவைக் கொன்ஸ்தாந்தினோபிளில் பிப்ரவரி 2இல் நிறுவினார். கிரேக்கர் அதற்கு ‘எதிர்கொள்ளல்’ என்னும் பொருளுடைய பெயரிட்டனர். மறுநாளாகிய பிப்ரவரி 3ஐச் சிமியோனுக்கும் அன்னாவுக்கும் உரிய நாளாக வகுத்தனர். விழாவில் முதன்மை பெற்றோர்க்கு முதல் நாளையும், உடன் நின்றோர்க்கு அடுத்த நாளையும் ஒதுக்குவது கீழைத் திருச்சபையின் வழக்கம்.

விழா உரோமைக்கு வந்தபோது நிலை மாறியது. சிரிய மரபினரான திருத்தந்தை செர்ஜியு (687–701) நான்கு விழாக்களுக்குப் பவனி ஏற்படுத்தினார். உரோமைத் திருத்தந்தையர் வரலாற்றேடு அவற்றுள் இவ்விழாவைத் ‘தூய சிமியோனின் நாள்’ என்றே குறிக்கின்றது. இணையாக நின்ற இருவருள் ஒருவர் பெயர் விழாவின் பெயராயிற்று. பின்னர் அதுவும் மறைந்து மரியாவின் தூய்மைச் சடங்கு என்னும் பெயர் நிலைபெற்றது. 1969ஆம் ஆண்டு நாள்காட்டிச் சீர்திருத்தத்தில்தான் ஆண்டவரின் காணிக்கை என்னும் பெயர் மீண்டது. உரோமைத் தூயோர் பட்டியல் அன்னாவை நெடுங்காலம் செப்டம்பர் 1இல் தனியே குறித்து வந்தது. 2001இல் வெளிவந்த திருந்திய பதிப்பு, கீழை மரபைத் தழுவிச் சிமியோனையும் அன்னாவையும் பிப்ரவரி 3க்குக் கொணர்ந்தது. ஆயினும் மேலைத் திருச்சபையில் அந்நாள் மக்களுக்குத் தூய பிளேசியாரின் நாளே. முந்தின நாள் மந்திரித்த மெழுகுதிரிகள் இரண்டைக் குறுக்காகக் கழுத்தில் வைத்துத் தொண்டை நோய் நீங்க ஆசியளிக்கும் நாளில் அன்னாவை எண்ணுவார் மிகச் சிலரே.

சிமியோனின் உடலெச்சங்கள் எனப்படுபவை அத்திரியாத்திக் கடற்கரை நகரான சாதாரில் 1380இல் முற்றுப்பெற்ற வெள்ளிப் பேழையில் உள்ளன. மக்கள் திரண்டு சென்று வணங்குகின்றனர். அன்னாவுக்கு அத்தகைய புகழுடைய தலம் எழவில்லை. தலமில்லாத் தூயவர்க்கு அற்புதக் கதைகள் பெருகுவதில்லை. கதை பெருகாத தூயவரை மக்கள் நேர்ச்சைக்கு அழைப்பதும் இல்லை.

சொல்லும் உருவமும்

சொல் எழுதப்படாத இறைவாக்கினர்க்குச் சொல் தர முயன்றோரும் உளர். நான்காம் நூற்றாண்டுச் சிரியப் புலவர் எப்ரேம், பிறப்பு விழாப் பாடல்களுள் ஒன்றில் அன்னா குழந்தையை அணைத்து முத்தமிட்டதாகவும், அப்போது ஆவி அவர் இதழ்களில் தங்கியதாகவும் பாடுகின்றார். தணலால் உதடு தீண்டப்பெற்ற எசாயாவோடு அவரை ஒப்பிடுகின்றார். ஒரிகேன் எசாயாவைக் காட்டித் தெபோராவை விலக்கினார். எப்ரேம் எசாயாவுக்கு இணையாகவே அன்னாவை நிறுத்துகின்றார். ஒருவர் உரையாசிரியர், மற்றவர் புலவர் என்பது மட்டுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஆகாது. எப்ரேமின் பாடல்களைச் சபையில் பாடியவர் பெண்கள் குழுவினரே என்று சிரிய மரபு கூறுவதையும் சேர்த்து எண்ண வேண்டும். சிரிய வழிபாட்டு மரபு கேரளத்திலும் வேரூன்றி, பிப்ரவரி 2ஆம் நாள் விழாவை மாயல்தோ என்னும் சிரியப் பெயராலேயே அங்கு வழங்கி வருகின்றது.

உருவங்களில் அன்னா மறையவில்லை. உரோமையில் திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்து (432–440) காலத்தில் அணிசெய்யப்பட்ட தூய மரியா பெருங்கோவிலின் வளைவில், கற்பதிப்பு ஓவியத்தில் சிமியோனோடு அன்னாவும் இடம்பெறுகின்றார். பிற்காலப் பைசாந்தியத் திருவோவியர் அவர் கையில் ஒரு சுருளேட்டைத் தந்தனர். அதில் இக்குழந்தையே விண்ணையும் மண்ணையும் நிலைநிறுத்தியது என்னும் பொருளுடைய கிரேக்க வாசகம் எழுதப்பெறும். லூக்கா எழுதாது விட்டதை ஓவியர் எழுதினர். ஏடு ஏந்துதல் இறைவாக்கினர்க்கு உரிய ஓவிய மரபு என்பதால், ஒழுங்குநூல்கள் மங்கவிட்ட பட்டத்தைத் தூரிகை காத்தது எனலாம்.

தமிழில் அன்னா என்னும் பெயர்

எபிரேயத்தில் அருள் என்னும் பொருளுடைய இப்பெயரைத் தாங்கிய மூவர் கிறித்தவ மரபில் உளர்: சாமுவேலின் தாய், மரியாவின் தாய், பானுவேலின் மகள். மரியாவின் தாய் நற்செய்திகளில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தி என்னும் ஏற்கப்படாத நூலில்தான் அவர் முதலில் வருகின்றார். பிள்ளைப்பேறற்று வருந்தி வேண்டிய சாமுவேலின் தாயின் கதையைப் பெரிதும் ஒட்டி அவர் கதை அமைந்துள்ளது. ஆறாம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்தினோபிளில் அவருக்குக் கோவில் எழுந்தது. இடைக்கால ஐரோப்பாவில் அவர் வணக்கம் பெருவெள்ளமாயிற்று. 1584இல் சூலை 26ஆம் நாள் அவருக்குரிய பொதுவிழாவாக உறுதிப்பட்டது. போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொணர்ந்தது இந்த அன்னாவையே. கோவாவில் தலவுலிமிலுள்ள சாந்தானா கோவிலும், இலங்கைக் கற்பிட்டித் தீபகற்பத்தில் தமிழரும் சிங்களரும் ஒருங்கே கூடும் தலவில திருத்தலமும் அவர் பெயரின.

தமிழில் இப்பெயர் எளிதில் வேர்கொண்டது. மதிப்புச் சொல் சேர்ந்து அன்னம்மாள் ஆயிற்று. பெண்பால் ஈறு பெற்று அன்னாள் ஆயிற்று. அன்னை, அன்னம் என்னும் சொற்களின் ஒலியும் பொருளும் உடன் வந்து சேர்ந்தன. தாயாகிய தூயவர்க்கு இது பெரும் வாய்ப்பு; மகளாகிய இறைவாக்கினர்க்கோ இழப்பு. அன்னை என்று ஒலிக்கும் பெயர் மகப்பேறு அறியப்படாத கைம்பெண்ணை நினைவூட்டுவதில்லை. போதாக்குறைக்கு, அன்னாள் என்பதற்குத் தமிழில் அத்தகையவள் என்னும் பொருளும் உண்டு. தனிப்பெயர் சுட்டுச்சொல் போல ஒலிக்கும் இடர்ப்பாடு இப்பெயர்க்கே உரியது.

பட்டத்தின் நிலையும் இதனோடு ஒக்கும். சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்டு 1715இல் நிறைவுசெய்த புதிய ஏற்பாட்டின் வழி அன்னாவின் கதை தமிழில் அச்சேறியது. சீர்திருத்தத் திருச்சபையார் வழங்கும் தீர்க்கதரிசி என்னும் வடசொல் தொலைவை நோக்குபவர் என்னும் பொருளது. வருவதை முன்னறிதலே அதில் மேலோங்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ஆளும் இறைவாக்கினர் என்னும் சொல்லோ உரைத்தலை முதன்மைப்படுத்துகின்றது. லூக்காவின் அன்னா வருங்காலம் கூறியதாகக் குறிப்பில்லை. பேசினார் என்றே உள்ளது. ஆகவே இறைவாக்கினர் என்பதே அவருக்கு நெருங்கிய சொல். ஆயினும் அது இருபாற்பொதுவான உயர்வுச் சொல் ஆதலின், கிரேக்கத்தில் வெளிப்படையாக நிற்கும் பெண்மை தமிழில் மறைந்துவிடுகின்றது. உயர்வுப்பன்மை தந்த மதிப்பு அது பறித்த அடையாளத்திற்கு ஈடாகுமா என்பது மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

வீரமாமுனிவரின் தேம்பாவணி, குழந்தையைக் கோவிலில் அளித்த நிகழ்ச்சிக்கு மகன் நேர்ந்த படலம் என ஒரு படலத்தையே ஒதுக்கியது. வளனின் காப்பியமாதலின் அங்கே காணிக்கை தரும் பெற்றோரே நடுவிடம் பெறுவது இயல்பு. தமிழ்ச் சைவம் காரைக்கால் அம்மையாரின் சொல்லைப் பதினோராம் திருமுறையில் காத்தது. இல்லறம் நீங்கித் தவவடிவெடுத்த ஒரு பெண்ணின் வாக்கு திருமுறைக்குள் இடம்பெறுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. அன்னாவை அவ்வழியில் அறிமுகப்படுத்தும் வாய்ப்பு தமிழ்க் கிறித்தவ எழுத்தில் அதிகம் பயன்படுத்தப்படவில்லை.

1997 முதல் பிப்ரவரி 2ஆம் நாள் துறவியர்க்குரிய நாளாகவும் உலகெங்கும் கொண்டாடப்படுகின்றது. இரண்டாம் யோவான் பவுல் அதனை ஏற்படுத்தினார். துறவற இல்லங்கள் செறிந்த பெங்களூருவில் அன்று மெழுகுதிரி ஏந்தி வாக்குறுதிகளைப் புதுப்பிப்போருள் பெண்கள் பெருந்தொகையினர். நீண்ட வாசகம் படிக்கப்படும் இடங்களில் அவர்கள் தம் முன்னோடியைக் கேட்கின்றனர். ஆண்டில் இன்னொரு நாளும் அவர் பெயர் ஒலிக்கின்றது. டிசம்பர் 30இல் வாசகம் லூக்கா 2:36-40 மட்டுமே; அங்கே சிமியோன் இல்லை, அன்னா தனித்து நிற்கின்றார். கிறித்து பிறப்பு விழாவின் ஆரவாரம் ஓய்ந்து, புத்தாண்டு பிறவாத அந்நாளின் வழிபாட்டிற்கு வருவோர் சிலரே.

திருச்சிராப்பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைம்பெண்களைக் கொண்டு தொடங்கப்பெற்ற அன்னாள் சபை ஈண்டுக் குறிக்கத்தக்கது. மறுமணத்திற்கு வழியின்றி ஒதுக்கப்பட்ட இளங்கைம்பெண்கள் ஆதரவற்ற குழந்தைகளையும் நோயாளரையும் பேணும் துறவியராயினர். வீட்டின் இருண்ட மூலையிலிருந்து அவர்கள் ஊர்நடுவே வந்து பணி செய்தனர். கைம்மை, நோன்பு, மன்றாட்டு, கோவிலுக்கு வருவோரோடு பேச்சு என அவர்களின் வாழ்வு முற்றும் பானுவேலின் மகளைப் போன்றது. அவர்களின் பாதுகாவலியோ மரியாவின் தாய் அன்னாள். அவர்களின் திருவிழா சூலை 26.